நான் சாப்பிட்ட அறுபது சிப்பிகள்

மகனே, நீ அடுத்த மாதம் அனுப்பப்போகிற ஆய்வுக் கட்டுரையில் உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு. ஏன் என்பதைப் போனிலேயே சொல்லிவிட நினைத்து மூன்று முறை முயன்றேன். முதல் முறை நீ பேருந்தில் தொங்கிக்கொண்டிருந்தாய். இரண்டாம் முறை தைரியமாகத் தொடங்கி, எப்படியோ தடம் மாறி, எதிர்வீட்டுக்காரர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு போன கல்யாணத்தில் மழையில் மாட்டிய கதையைச் சொல்லி முடித்தேன். நீயும் விழுந்து விழுந்து சிரித்தாய். மூன்றாம் முறை, "என்னம்மா, தொண்ட கட்டியிருக்கு?" என்று கேட்டாய். "ஐஸ்கிரீம்" என்றேன். அத்தோடு புரிந்தது, என் வாயை நம்பி இந்தக் காரியத்தை ஒப்படைக்க முடியாது என்று. உண்மை எதிரே வந்தால் அது அடுத்த தெருவுக்குள் திரும்பிவிடும். அதனால் கையிடம் கொடுத்திருக்கிறேன். கைக்கும் பெரிய யோக்கியதை கிடையாது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இதை ஊர் பார்க்க எழுத வேண்டுமா என்று நீ கோபப்படலாம். இருபது வருடங்களாக இந்தப் பத்திரிகையில் உன்னையும் உன் அப்பாவையும் விற்றுத்தான் நான் நகைச்சுவை எழுதியிருக்கிறேன். நீ ஆறாம் வகுப்பில் பேன் பிடித்து வந்தது, அப்பா கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் நாற்காலியோடு சாய்ந்து மேலதிகாரியின் டீயில் விழுந்தது, எல்லாம் அச்சேறியிருக்கிறது. வீட்டில் எல்லோருடைய மானத்தையும் கப்பலேற்றிவிட்டு என்னுடையதை மட்டும் பீரோவுக்குள் மடித்து வைத்திருந்தேன். தவிர, நான் செய்த தவற்றின் ஒரு பகுதி இதே பக்கங்களில் நடந்தது. அதையும் சொல்கிறேன். இது அச்சில் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. உனக்கு இன்றே அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

முப்பது வருடங்களுக்கு முன்பு நான் எம்.ஃபில். படித்தேன். எங்கள் ஊரில் சிப்பி ஆராய்ச்சி என்றால் வெளியூர்க்காரர்கள் உடனே கழுத்தைப் பார்ப்பார்கள், முத்து மாலை தொங்குகிறதா என்று. என்னுடையது முத்து எதுவும் தராத பாறைச் சிப்பி. கடல் ஏறினால் முங்கியும் வற்றினால் வெயிலில் காய்ந்தும், கல்லையும் பாலத்தூணையும் பிடித்துக்கொண்டு கிடக்கிற ஏழை. நான் எடுத்துக்கொண்ட இடங்கள் இரண்டு. ஒன்று, ஊருக்கு வடக்கே உப்பளத்தை ஒட்டிய ஓடை. சித்திரையில் அங்கே தண்ணீர் கடலைவிடக் கரிக்கும். இன்னொன்று, புன்னைக்காயல் பக்கம் தாமிரபரணி கடலில் விழுகிற கழிமுகம். ஐப்பசி மழையில் ஆறு நிறைந்து வந்தால் அங்கே தண்ணீரைக் குடித்துவிடலாம். ஒரே இனச் சிப்பி இரண்டு இடத்திலும் கிடக்கிறது. எப்படி?

இது உனக்குப் பாடம். ஆனால் ஊரும் படிக்கிறது, அதனால் பொறுத்துக்கொள். உப்பு கூடிய தண்ணீர் சிப்பியின் உடம்பிலிருந்து நீரை வெளியே இழுக்கும். அதைத் தாக்குப்பிடிக்க, சிப்பி தன் புரதத்தையே சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்து உடம்புக்குள் நிரப்பிக்கொள்கிறது. அந்த உடைக்கிற வேலையைச் செய்கிற நொதிக்கு லூசின் அமினோபெப்டிடேஸ் என்று பெயர். உன் அப்பா இன்றைக்கும் அதை யாரோ கிரேக்கக் கப்பல் கேப்டன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரே இனத்துக்குள்ளேயே இந்த நொதியில் இரண்டு மூன்று வகை உண்டு, பிறப்பிலேயே வருவது. ஒரு வகை மும்முரமாக உடைக்கும். உப்பளத்து ஓடையில் அது சிப்பிக்கு வரம். அதே மும்முர வகை நன்னீர் வந்து நிறைகிற கழிமுகத்தில் இருந்தால், தேவையே இல்லாதபோதும் தன் உடம்பைத் தானே உடைத்து வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கேள்வி இதுதான்: ஓடைச் சிப்பியிலும் கழிமுகச் சிப்பியிலும் இந்த வகைகள் ஒரே அளவில் இருக்கின்றனவா, அல்லது ஒவ்வொரு தண்ணீரும் தனக்கு வேண்டியதைச் சலித்து வைத்திருக்கிறதா?

கண்டுபிடிக்கிற முறை அந்தக் காலத்தில் பாதி சமையல். மாவைக் காய்ச்சித் தட்டில் ஊற்றி உறைய வைப்போம்; அதற்கு ஜெல் என்று பெயர். திருநெல்வேலி அல்வாக்காரர் பார்த்தால் நெய் எங்கே என்று கேட்பார். சிப்பியின் சதையை அரைத்து அதன் ஓரத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு தூரம் ஓடி நிற்கும்; சாயம் போட்டால் கோடு கோடாகத் தெரியும். ஒரே நிபந்தனை, சிப்பி ஐஸில் இருக்க வேண்டும். சூடு பட்டால் நொதி போச்சு.

ஓடைச் சிப்பி அறுபது ஏற்கெனவே ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் இருந்தது. கழிமுகத்து அறுபதை எடுக்க ஒரு புதன்கிழமை முதல் பேருந்தில் போனேன். மறுநாள் ஜெல் ஓட்ட ஏற்பாடு. சாயத்துக்கான மருந்து என் வழிகாட்டிப் பேராசிரியர் வெளியூரில் யாரையோ கெஞ்சி வாங்கி வந்த ஒரே ஒரு சின்னக் குப்பி. கரைத்துவிட்டால் வைத்திருக்க முடியாது. கடல் வற்றிய நேரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, உளியால் தட்டித் தட்டி அறுபதும் எடுத்தேன். ஒவ்வொன்றிலும் நூல் கட்டி எண் எழுதிய அட்டை தொங்கவிட்டு, மீன்கடை ஐஸ் நிரப்பிய தெர்மக்கோல் பெட்டியில் அடுக்கினேன். பிறகு காலில் இருந்த சேற்றைக் கழுவுவதற்காக அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை என் அப்பாவின் அக்கா. கழிமுகத்துக்கு எதிரேதான் வீடு. பெட்டியை அடுப்படியில் நிழலாக ஒரு மூலையில் வைத்தேன்.

அங்கேதான் விஷயம். எங்கள் கடற்கரையில் தண்ணீரிலிருந்து ஏறி உறவுக்காரர் வீட்டுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. கிடைத்ததை அடுப்படியில் வைத்துவிட்டு முன்னறையில் வந்து உட்காருவார்கள். "இது உங்களுக்கு" என்று சொல்வதும் இல்லை, "எனக்கா?" என்று கேட்பதும் இல்லை; கேட்டால் மரியாதைக் குறைவு. பிறந்ததிலிருந்து நான் பார்த்து வளர்ந்த வழக்கம். அன்றைக்கு எனக்கு அது நினைவுக்கு வரவில்லை, ஏனென்றால் முன்னறையில் அதைவிட முக்கியமான காரியம் நடந்துகொண்டிருந்தது. கப்பலுக்குப் போகிறேன் என்று போன பக்கத்துத் தெரு மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு குடும்பமே இருக்கிறதாம். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தெரிந்திருக்கிறது. மூத்த பிள்ளைக்குப் பத்து வயதாகி, கோயிலில் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மையே முடிந்துவிட்டதாம். இப்படி ஒரு கதையைப் பாதியில் விட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடுகிற பெண்ணாக உன் அம்மாவை ஆண்டவர் படைக்கவில்லை. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தேன். கேள்வி வேறு கேட்டேன்.

சாப்பாடு வந்தது. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுருள வதக்கிய ஏதோ ஒன்று. இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். "அத்த, அருமையா இருக்கே, எங்க வாங்குனிய?" என்றேன்.

"எங்க வாங்குனேனா? ஏளா, நீ கொண்டாந்ததுதான! ரோசாரிதான் கை கிழிய கிழிய ஒடச்சா. அது சரி, ஒவ்வொண்ணுலயும் தாயத்து மாதி என்னமோ எழுதிக் கட்டியிருந்தியே, என்னத்துக்கு?"

"அது எங்கத்த?"

"அடுப்புல போட்டேன். நல்லா எரிஞ்சிச்சு."

ரோசாரி அத்தையின் மகள், அப்போது பதினெட்டு வயது. வாசல்படியில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? என் ஆய்வின் சரிபாதி என் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. "வேற எடுத்துக்கிடுதேன் அத்த" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வேறு எடுக்கவில்லை, மகனே. அதாவது, எடுத்தேன், கழிமுகத்தில் எடுக்கவில்லை. அதற்குள் கடல் ஏறிவிட்டது. பேருந்தில் முக்காணி தாண்டுகிறவரை நான் பேராசிரியரிடம் சொல்லப்போகிற வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். "சார், சாம்பிளைச் சாப்பிட்டுட்டோம்." அவர் கோபப்பட மாட்டார். சிரிப்பார். அதுதான் தாங்கவில்லை. துறை முழுக்கச் சிரிக்கும், அடுத்த வருடத்து மாணவர்களுக்கும் சொல்லிச் சிரிப்பார்கள், நான் பேராசிரியை ஆனாலும் சிப்பி தின்ற பேராசிரியை ஆவேன். ஊரையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறவளுக்குத் தன்னைப் பார்த்து ஊர் சிரிப்பது எவ்வளவு பயம் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பழைய துறைமுகத்துக்கு முந்திய நிறுத்தத்தில் இறங்க வேண்டியவள் இறங்காமல், வேறு பேருந்து மாறி, வடக்கே உப்பளத்து ஓடைக்குப் போனேன். வெளிச்சம் இருக்கும்போதே, கடல் ஏறினாலும் கரைக் கல்லில் கைக்கு எட்டுகிற அறுபது சிப்பி எடுத்தேன். நூல் கட்டி, அட்டையில் 'கழிமுகம்' என்று என் அழகான கையெழுத்தில் அறுபது முறை எழுதினேன். முதல் நான்கைந்து எழுதுமுன் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். இருபதாவது வந்தபோது எதைப் பற்றியும் நினைக்காமல் எழுதிக்கொண்டிருந்தேன். உனக்கு நான் சொல்லக்கூடிய ஒரே அறிவியல் உண்மை இதுதான் என்று சில சமயம் தோன்றுகிறது.

மறுநாள் ஜெல்லில் இரண்டு வரிசையும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக வந்தன. வராமல் எங்கே போகும்? பேராசிரியருக்கு ஒரே மகிழ்ச்சி. "பாத்தியாம்மா, அந்தத் தண்ணியும் இந்தத் தண்ணியும் சிப்பிக்கு ஒண்ணுதான். மனுசன்தான் தெருவுக்குத் தெரு வேலி போடுதான்" என்றார். அந்த வாக்கியத்தைப் பிறகு இருபது வருடம் வகுப்பில் சொன்னார், பாவம், நல்ல மனிதர், என் பொய்யின் மேல் நின்று சமத்துவம் பேசிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எனக்குப் பட்டம் கிடைத்தது, பட்டத்தால் கல்லூரியில் வேலை கிடைத்தது, வேலையால் உன் அப்பா கிடைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆனியிலும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, கண்ணால் கண்டதை மட்டும் குறிப்பேட்டில் எழுதுங்கள் என்று சொல்லிக்கொடுக்கிறேன். யாரும் சிரித்ததில்லை. என் நகைச்சுவையில் மிகச் சிறந்தது அதுதான், ஒருத்தருக்கும் புரியவில்லை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். என் ஆய்வேடு நூலகத்து மூலையில் பூச்சி அரிக்கிற ஒரு கறுப்பு அட்டைப் புத்தகம், அவ்வளவுதான். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள், கழிமுகத்துப் பெண்களுக்குச் சிப்பி வளர்ப்புத் திட்டம் கொண்டுவந்த ஓர் இளம் அதிகாரி என் துறைக்கு வந்தார். கையில் என் கறுப்பு அட்டை ஆய்வேடு. மரியாதையான பையன், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்.

"மேடம், உப்பளத்து ஓடையில குஞ்சுச் சிப்பி ஏராளமா கெடக்கு. அதக் கொண்டாந்து கழிமுகத்துல கயிறு கட்டித் தொங்கவிட்டா ஒத்துக்கிடுமா? ரெண்டு எடத்துச் சிப்பியும் ஒண்ணுன்னு நீங்கதான எழுதியிருக்கிய."

"அப்படித்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.

பார், எவ்வளவு சுத்தமான பதில். பொய் ஒன்றுகூட இல்லை. டீ வந்தது, குடித்தோம். அவர் போகும்போது, "கழிமுகத்து வெள்ளம் கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார். பிஸ்கட் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

அந்தத் திட்டத்தில் பதினான்கு பெண்கள் சேர்ந்தார்கள். சேர்த்தது ரோசாரி. அவள் அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, கணவனைக் கடலில் கொடுத்துவிட்டு, தைரியமாக நின்றிருந்த சமயம். வீடு வீடாகப் போய், "எங்க மதினி படிச்சவ, புத்தகமே போட்டிருக்கா" என்று சொல்லித்தான் சேர்த்திருக்கிறாள். ஆறு மாதம் இடுப்பளவு தண்ணீரில் நின்று கட்டினார்கள், கழுவினார்கள், பாசி சுரண்டினார்கள். உனக்கு அப்போது பதினைந்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். நீ தண்ணீரை விட்டு ஏறவே மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணினாய். ரோசாரி ஒரு சிப்பியை உன் உள்ளங்கையில் வைத்து, "இத வளத்து நீயும் உங்கம்மா மாதி பெரிய ஆளாவுல" என்றாள். நீ கடல் உயிரியல் படிக்கப் போனதற்கு நான்தான் காரணம் என்று எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன். அந்தப் பெருமையும் அவளுடையதுதான்.

ஐப்பசியில் ஆறு வந்தது. ஒன்பதாம் நாள் ரோசாரியிடமிருந்து போன். "மதினி, எல்லாம் வாயப் பொளந்து கெடக்கு. நாத்தம் ஊரு தாங்கல. என்ன மதினி செய்ய?" மழை அதிகம், எதுவும் செய்ய முடியாது என்றேன். பாலத்தூணில் இருக்கிற உள்ளூர்ச் சிப்பி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். எந்த முதலாண்டுப் பிள்ளையும் கேட்கிற கேள்வி: அது பிழைத்திருந்தால் மழை மட்டும் காரணமில்லை. நான் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமே என்று பயம். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்: மழை, ஆலைத் தண்ணீர், கண்ணேறு. நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த மாதம் இந்தப் பத்திரிகையில் 'சிப்பிக்கும் சளி பிடிக்கும்' என்று ஒரு கட்டுரை எழுதினேன். சிப்பிகளுக்குக் கஷாயம் கொடுக்கிற கிராமத்துப் பெண்கள், குடை பிடிக்கிற அதிகாரி. நிறையக் கடிதங்கள் வந்தன. வாசகர்களே, நீங்கள் அன்று சிரித்தது பதினான்கு பெண்களின் ஆறு மாத உழைப்பைப் பார்த்து. சிரிக்க வைத்தவள் அதைக் கொன்றவள். ரோசாரியின் மகள் அந்தக் கட்டுரையை வீட்டில் வாய்விட்டுப் படித்திருக்கிறாள். அதற்குப் பிறகு ரோசாரி ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. இறால் உரிக்கிற கொட்டகைக்குப் போகத் தொடங்கினாள். ஐஸுக்குள் கையை விட்டு விட்டு விரல்நுனித் தோல் இன்றைக்கும் வெந்தது மாதிரி இருக்கிறது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டாய். முகமெல்லாம் வெளிச்சம். "அம்மா, நூலகத்துல உங்க புக்க எடுத்துட்டேன்! உங்க டேட்டாவையும் என் டேட்டாவையும் பக்கத்துல வச்சிருக்கேன், பாருங்க." திரையில் நான்கு வரைபடக் கட்டங்கள். உன் ஓடைச் சிப்பியில் மும்முர வகை நிறைய. உன் கழிமுகச் சிப்பியில் மிகக் குறைவு. என் பழைய கட்டங்கள் இரண்டிலும் நிறைய. "முப்பது வருசத்துல கழிமுகத்துச் சிப்பி மாறியிருக்கும்மா! வெள்ளம் வந்து வந்து சலிச்சிருக்கு. நம்ம கண்ணு முன்னாடி, நம்ம ஆத்துல! இத வச்சுத்தான் வெளிநாட்டு மாநாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க." பிறகு ஒழுங்கான ஆய்வாளனாக ஒரு கேள்வியும் கேட்டாய். "ரெண்டு எடத்துலயும் நீங்களேதான எடுத்தீங்க?"

"ஒவ்வொண்ணையும் என் கையாலதான் எடுத்தேன்" என்றேன். "சாப்பிட்டியாடா?" என்றேன்.

நீ பார்த்த கட்டத்தில் நான் வேறொன்றைப் பார்த்தேன். அதுவரை என்னிடம் ஒரு சின்னச் சந்தேகம் இருந்தது, அதை வைத்துத்தான் தூங்கிக்கொண்டிருந்தேன்: ஒருவேளை அன்றைக்கு உண்மையான கழிமுகச் சிப்பியை ஓட்டியிருந்தாலும் இரண்டும் ஒன்றாகத்தான் வந்திருக்குமோ, ஒருவேளை ரோசாரியின் சிப்பிகள் வெறும் மழையால்தான் செத்தனவோ. நீ சிரித்துக்கொண்டே அந்தச் சந்தேகத்தை அழித்தாய். உன் கழிமுகக் கட்டம் பொய் சொல்லவில்லை. அங்கே மும்முர வகை நிற்காது. நான் கொண்டுபோய்த் தொங்கவிட வைத்தது பெரும்பாலும் அந்த வகை. முப்பது வருடத்தில் எதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை, மகனே. நீ இன்று கண்டதை நான் அன்றே கண்டிருப்பேன், இன்னொரு நாள் பேருந்தேறிப் போயிருந்தால். என் வாழ்க்கையில் எனக்கென்று வைத்திருந்த ஒரே ஒரு கண்டுபிடிப்பு அது. அதை மிளகு போட்டு இரண்டு முறை வாங்கித் தின்றேன் என்பது தமாஷ். மறுபடி போய் எடுக்கவில்லை என்பதுதான் பாவம்.

பொய் சொல்லாதே என்று உனக்குச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. இதை மட்டும் சொல்கிறேன். பொய்யைச் சொல்கிறபோது அது ஒற்றையாக, ஒரு மூலையில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருப்பதுபோலத்தான் தெரியும். பிறகு அதை நம்பி ஆட்கள் வந்து நிற்பார்கள். முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓர் அதிகாரி, அப்புறம் இடுப்பளவு தண்ணீரில் பதினான்கு பெண்கள், கடைசியில் நீ.

சென்ற சனிக்கிழமை ரோசாரியைப் பார்க்கப் போனேன். கொட்டகையிலிருந்து வந்து, வாசலில் உட்கார்ந்து கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"ரோசாரி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்ளா."

"சொல்லுங்க மதினி. எனக்கா, பத்திரிகைக்கா?"

சொன்னேன். பேருந்து மாறியது, அட்டை எழுதியது, டீ, பிஸ்கட், எல்லாம். அவள் எண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை. முடித்ததும் இன்னும் கொஞ்சம் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். பிறகு, "எங்கம்ம சாவுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா, படிக்கிற பிள்ள படிப்பத் தின்னுட்டோமேன்னு. நீங்க வேற எடுத்துட்டியன்னுல்லா நெனச்சிருந்தா" என்றாள்.

"தப்புதான்ளா."

"பதினாலு பேரு என் வாயை நம்பி எறங்குனாளுவ. அதுல ரெண்டு பேரு இன்னும் கோயில்ல என் பக்கத்துல முட்டுப் போட மாட்டாளுவ. நான் ஒம்பது செவ்வாக்கெழம அந்தோணியார் கோயிலுக்கு நடந்தேன் மதினி, என் ராசிதான் கொன்னுட்டுன்னு நெனச்சு." நிமிர்ந்து பார்த்தாள். "உங்க மவன்ட்டச் சொல்லிட்டியளா?"

"இன்னும் இல்ல."

"அப்பம் எங்கிட்டச் சொல்லிப் பழக வந்திய. நான் என்ன செஞ்சிருவேன்? அவன்ல்லா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருவான்."

என் எழுத்தைப் படித்து எந்த விமர்சகரும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. எழுந்து போகலாம் என்று செருப்பைத் தேடியபோது, அவளே பின்னாலிருந்து சொன்னாள்: "எல்லாஞ் சாகல."

"என்னது?"

"கயித்துல இருந்தது எல்லாஞ் சாகல. அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணு, ஒரு சட்டி நிறைய நின்னுச்சு. நல்லா மூடி, கெட்டியா. யாரும் வந்து கேக்கல. ஆபீசர் கேக்கல, நீங்க கேக்கல. ஆத்திரத்துல அள்ளிக் கொண்டுபோயி ஆத்துல ஒரு எடத்துல எறிஞ்சேன். இப்பவும் அங்கன காச்சுத்தான் கெடக்கு, கல்லு தெரியாம."

என்னுள்ளே இருந்த உயிரியல்காரி, வெட்கங்கெட்டவள், உடனே எழுந்து நின்றாள். எந்த இடம் என்று கேட்டேன். உனக்குப் புரியும். மற்றதெல்லாம் செத்த வெள்ளத்தில் தாக்குப்பிடித்து நின்ற சிப்பிகள். அவற்றின் நொதி எந்த வகை என்பதை யாரும் பார்த்ததில்லை. அவற்றின் குஞ்சுகள் பன்னிரண்டு வருடமாக அந்தக் கழிமுகத்தில் மிதந்து எங்கெங்கோ ஒட்டியிருக்கும். உன் கழிமுகக் கட்டத்தில் கொஞ்சமாகத் தெரிகிற மும்முர வகை அங்கேயே பிறந்து வளர்ந்ததா, நான் கொண்டுவந்து கலந்ததா என்பதைக்கூட அந்த இடத்தைப் பார்க்காமல் உன்னால் சொல்ல முடியாது. நீ செய்த ஆய்விலும் என் சேறு ஒட்டியிருக்கிறது. என் இரண்டு கட்டங்களையும் அடித்துவிட்டால் உன் கட்டுரையில் பாதி போகும், உன்னைக் கூப்பிட்டவர்கள் என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது, பயணம் நின்றுபோகவும் கூடும். அதற்காக உன்னிடம் மன்னிப்பு கேட்டால், நீ மகன் என்பதால் கொடுத்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை.

"எந்த எடம்ளா?" என்று மறுபடியும் கேட்டேன். ரோசாரி எண்ணெய்ப் பாட்டிலை மூடினாள்.

"உங்களுக்குக் காட்ட மாட்டேன். அந்தப் பய வரட்டும், கூட்டிட்டுப் போறேன். எது எப்பச் செத்துச்சு, எது நின்னுச்சு, எல்லாம் எனக்கு நெனப்பிருக்கு, கேட்டா சொல்லுவேன். ஆனா நீங்க வரக் கூடாது மதினி. கரையிலகூட நிக்கக் கூடாது."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ ஊருக்கு வருகிற வாரத்தில் வெள்ளிக்கிழமை காலை கடல் நன்றாக வற்றும். ஏழு மணிப் பேருந்தில் போ. கையில் எதுவும் இல்லாமல் அவள் வீட்டுக்குள் நுழையாதே. அவள் சொல்வதை அவள் சொல்கிறபடியே எழுதிக்கொள். திரும்பி வந்து என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம். நான் கேட்பேன், கேட்காமல் இருக்க என்னால் முடியாது, அப்போதும் சொல்ல வேண்டாம்.